செவ்வாய் நிலத்தைப் படத்தில் வாசித்தல்

நெல்லை மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் மழைக்காலத்துக் காலை என்றால் பாதி நாள் மேகத்துக்குத்தான். நாலுமுக்கிலும் ஊத்திலும் நின்று கீழே பார்த்தால் பள்ளத்தாக்கு இருக்காது. வெள்ளையாக ஒரு பரப்பும், அதில் அங்கங்கே தலை நீட்டும் கரிய குன்றுமுகடுகளும்தான் இருக்கும். முதல் தடவை வந்தவருக்கு அவை தனித்தனித் தீவுகள் போலத் தோன்றும். வெயில் ஏறி மேகம் கலைந்த பிறகுதான் அந்த முகடுகள் கீழே ஒரே மலையாகச் சேர்ந்திருப்பது தெரியும். அதற்கும் கீழே மணிமுத்தாறு அணை, கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து வயல்கள், வளைந்து போகும் தாமிரபரணி எல்லாம் ஒவ்வொன்றாக வெளிப்படும்.

1971 நவம்பர் 14ஆம் தேதி மரைனர் 9 என்ற அமெரிக்கக் கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது அதற்கு வாய்த்ததும் இதே காட்சிதான். வேறொரு கோளைச் சுற்றிவரத் தொடங்கிய முதல் விண்கலம் அது. அது போய்ச் சேர்ந்த நேரத்தில் செவ்வாய் முழுவதையும் தூசிப்புயல் மூடியிருந்தது. வந்த படங்களில் மங்கலான ஒரு வட்டமும் நான்கு கரும்புள்ளிகளும் தவிர ஒன்றுமில்லை. சில நாள் இடைவெளியில் அங்கே போய்ச் சேர்ந்த சோவியத் கலங்களான மார்ஸ் 2, மார்ஸ் 3 ஆகியவற்றின் படமெடுக்கும் திட்டம் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருந்தது. அதை மாற்ற வழியில்லாததால் அவை தூசியையே படமெடுத்தன. மரைனர் 9க்குப் பூமியிலிருந்து புதுக் கட்டளை அனுப்ப முடிந்தது. அதனால் அது காத்திருந்தது.

1972 தொடக்கத்தில் தூசி அடங்கியது. அந்த நான்கு புள்ளிகளும் எரிமலைகளின் உச்சிகள் என்று அப்போது தெரிந்தது. உச்சியில் வாய் பிளந்த குழிகளை வைத்தே அவை எரிமலைகள் என்று புவியியலாளர்கள் கண்டுகொண்டார்கள். அவற்றில் பெரியதான ஒலிம்பஸ் மோன்ஸ் சுமார் 22 கி.மீ. உயரம், 600 கி.மீ. அகலம். பொதிகையின் அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். பன்னிரண்டு அகத்தியர்கூடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் அந்த உயரம் வரும். மரைனர் 9 எடுத்த 7,329 படங்களில் இன்னொரு அதிசயமும் கிடைத்தது. கோளின் நடுப்பகுதியில் 4,000 கி.மீ. நீளத்துக்குப் பிளந்து கிடக்கும் பெரும் பள்ளத்தாக்கு அது. அந்தக் கலத்தின் பேரையே ஏற்று இன்று வேலெஸ் மரைனெரிஸ் எனப்படுகிறது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போகும் தேசிய நெடுஞ்சாலையின் நீளம்தான் அதற்கு ஏறக்குறைய ஈடாகும்.

விண்கலங்கள் அனுப்பும் படங்கள் இன்னொரு கோளின் நிலத்தை நமக்கு எப்படிக் காட்டுகின்றன, எந்த அளவுக்கு அவற்றை நம்பலாம் என்பதுதான் இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி. படம் பொய் சொல்வதில்லை, ஆனால் படம் தானாக எதையும் சொல்வதும் இல்லை என்பது என் முடிவு. மண்ணையும் ஆற்றையும் வெயிலையும் அறிந்த ஒருவர் அதை வாசிக்கும்போதுதான் அது நிலமாகிறது. வாசிப்பில் தவறினால் படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை. செவ்வாய் ஆய்வின் வரலாற்றில் இதற்குச் சான்றுகள் ஏராளம்.

விண்கலங்கள் வருவதற்கு முன்பு தொலைநோக்கிதான் துணை. 1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயின் மேல் மெல்லிய கோடுகளைக் கண்டு வரைந்தார். அமெரிக்கரான பெர்சிவல் லோவல் அவை வாய்க்கால்கள் என்றே முடிவு கட்டினார். வறண்டுபோகும் கோளில் அறிவுள்ள உயிர்கள் துருவத்துப் பனிநீரைக் கொண்டுவர வெட்டியவை என்பது அவர் கருத்து. கண்ணுக்கு எட்டும் எல்லையில் தெரியும் சிதறிய புள்ளிகளை மனம் கோடாக இணைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வானியலில் இல்லை.

1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்து போன மரைனர் 4 அந்தக் கனவைக் கலைத்தது. அது அனுப்பிய முழுப்படங்கள் 21தான். ஒவ்வொன்றும் 200க்கு 200, அதாவது 40,000 புள்ளிகள். ஒரு படம் பூமிக்கு வந்து சேர ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆயிற்று. அந்தக் காத்திருப்பைப் பொறுக்காத பொறியாளர்கள் வந்திறங்கிய எண்களை நீளநீளக் காகிதத் துண்டுகளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார்கள். எந்த எண்ணுக்கு என்ன நிறம் என்று வகுத்துக்கொண்டு வண்ணக்கட்டியால் கையாலேயே நிரப்பினார்கள். வேறொரு கோளுக்கு அருகிலிருந்து எடுத்த முதல் படம் மனிதர்கள் கையால் தீட்டிய படமாகத்தான் முதலில் உருவானது. இந்த நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. படம் என்பது அடிப்படையில் எண்களின் அடுக்கு, அதற்கு நிறம் கொடுப்பது நாம் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொன்று இல்லை.

அந்த 21 படங்களில் இருந்தவை கிண்ணக்குழிகள். விண்கற்கள் மோதிய வடுக்கள். வாய்க்கால் இல்லை, பச்சை இல்லை. செவ்வாய் நிலாவைப் போலச் செத்த நிலம் என்று பலரும் எழுதிவிட்டார்கள். படங்கள் அத்தனையும் உண்மை, முடிவு தவறு. கோளின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கைத்தான் அந்தக் கலம் கண்டிருந்தது. எரிமலையும் பெரும் பள்ளத்தாக்கும் அதன் வழியில் படவில்லை. திசையன்விளைச் செம்மணல் தேரியை மட்டும் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிச் சீமையில் ஆறே இல்லை என்று ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அது.

இந்தக் கதைக்குள் நம் மலையும் வருகிறது. மாஞ்சோலைக்குத் தெற்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. பணகுடி, காவல்கிணறு வட்டாரத்து மக்களுக்கு அங்கே எஞ்சின் எரியும் முழக்கம் பழக்கமானது. 2013 நவம்பர் 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் என்ற செவ்வாய்க் கலத்தைத் தூக்கிச் சென்ற பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது விகாஸ் எஞ்சின். அந்த எஞ்சின்களைச் சோதிக்கும் இடம் மகேந்திரகிரிதான். மங்கள்யானின் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் ஏர்வாடி பக்கத்தில் பிறந்த நெல்லை மாவட்டத்துக்காரர். இஸ்ரோவின் நிலவு, செவ்வாய்த் திட்டங்களுக்கு மேலாக இருந்த மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரர்.

2014 செப்டம்பர் 24 அன்று காலை மங்கள்யானின் பெரிய எஞ்சின் மீண்டும் எரிய வேண்டியிருந்தது. அதன் விசை 440 நியூட்டன், பூமியில் ஏறத்தாழ 45 கிலோ எடையைத் தாங்கும் அளவு. சுமார் 300 நாள் விண்வெளியில் சும்மா இருந்த எஞ்சின் அது. இரண்டு நாள் முன்பு நான்கு விநாடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். அன்றைக்கோ இருபது நிமிடத்துக்கு மேல் எரிந்து கலத்தின் வேகத்தை நொடிக்கு 1.1 கி.மீ. குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் செவ்வாயைத் தாண்டிப் போய்விடும். எரிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கலம் கோளுக்குப் பின்னால் மறைந்தது. மீண்டு வந்தபோது அது செவ்வாயின் சுற்றுப்பாதையில் இருந்தது. முதல் முயற்சியிலேயே இதைச் செய்த முதல் நாடு இந்தியா. 450 கோடி ரூபாய்த் திட்டம் என்பதைப் பலரும் சொல்லியாயிற்று. எனக்கு அந்த ஏற்பாட்டில் முக்கியமாகப் படுவது விலை இல்லை, பாதைதான்.

மங்கள்யானின் பாதை மிக நீண்ட நீள்வட்டம். கோளுக்கு அருகில் வரும்போது சுமார் 420 கி.மீ. உயரம், எட்டப் போகும்போது ஏறக்குறைய 77,000 கி.மீ. ஒரு சுற்றுக்கு மூன்று நாள். அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் அதற்குச் செய்துகொடுத்த வண்ணக் கேமராவின் எடை ஒன்றேகால் கிலோ. 2048க்கு 2048, ஏறத்தாழ 42 லட்சம் புள்ளிகள். இந்த எண்கள் நம் மண்ணில் என்ன பொருள் தரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மாஞ்சோலை நிலம் 8,373 ஏக்கர், சுமார் 34 சதுர கி.மீ. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். மங்கள்யான் பாதையின் தூர முனையில் ஒரு புள்ளி ஏறக்குறைய 4 கி.மீ. அகலம். ஐந்து எஸ்டேட்டும் சேர்ந்து படத்தில் இரண்டே புள்ளி. முதலில் வெளியான படம் 7,300 கி.மீ. உயரத்திலிருந்து எடுத்தது, ஒரு புள்ளி 376 மீட்டர். அதில் எஸ்டேட்டுகள் 240 புள்ளிகளாக விரியும். மிக அருகில் வரும்போது புள்ளி 20 மீட்டருக்குச் சுருங்கும். அப்போது மலைப்பாதையின் வளைவுகள் தெரியும், தொழிலாளர்களின் லயன் வீட்டு வரிசை ஒரு கீற்றாகத் தெரியலாம், தேயிலைச் செடி தெரியாது. 2006 முதல் செவ்வாயைச் சுற்றும் அமெரிக்கக் கலத்தின் ஹைரைஸ் கேமராவில் ஒரு புள்ளி சுமார் 30 செ.மீ. கொழுந்து பறிக்கும் செடிகளின் நிரையை அது பிரித்துக் காட்டிவிடும். ஆனால் அது ஒருமுறை பார்க்கும் அகலம் ஆறு கி.மீ.தான்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மங்கள்யான் படங்கள் துல்லியத்தில் பின்தங்கியவை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. செவ்வாயின் விட்டம் சுமார் 6,790 கி.மீ. தூர முனையிலிருந்து பார்க்கும்போது முழுக் கோளும் அந்தக் கேமராவின் 2,048 புள்ளி அகலத்துக்குள் கச்சிதமாக உட்காருகிறது. 74,500 கி.மீ. தொலைவிலிருந்து 2014 செப்டம்பரில் எடுத்த முழுவட்டப் படத்தில் வடபாதியில் எழுந்த தூசிப்புயல் சுழலாகத் தெரிந்தது. அருகில் தாழச் சுற்றும் கலங்கள் துண்டு துண்டாகப் படமெடுத்து ஒட்டவேண்டிய காட்சியை இது ஒரே பார்வையில் தந்தது. செவ்வாயின் வெளிநிலவான டீமோஸ் விஷயமும் அப்படித்தான். அது எப்போதும் ஒரே முகத்தைக் கோளுக்குக் காட்டிச் சுற்றுகிறது. அன்று செவ்வாயைச் சுற்றிய மற்றக் கலங்கள் அதன் பாதைக்கு உள்ளேயே இருந்ததால் அவை கண்டதும் அந்த ஒரே முகம். மங்கள்யான் அதற்கு அப்பால் போய் மறுபக்கத்தைப் படமெடுத்தது.

இன்னொரு பணியும் சொல்லத் தகுந்தது. அகமதாபாத் ஆய்வாளர்கள் வேலெஸ் மரைனெரிஸ் பள்ளத்தாக்கின் படங்களை வெவ்வேறு கோணங்களில் ஒப்பிட்டார்கள். அடிப்பகுதியிலிருந்து சுவர்களின் மேல்விளிம்பு வரை காற்றில் தூசியின் அடர்த்தி எப்படி மாறுகிறது என்று அளந்து 2016இல் வெளியிட்டார்கள். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும்போது காற்றின் கலங்கல் தெளிவதை நாம் கண்ணால் உணர்கிறோம். அதையே வேறொரு கோளில் கேமராவால் அளந்த வேலை இது. நிலத்தைப் பார்க்க வைத்த கேமரா நிலத்துக்கும் நமக்கும் நடுவிலுள்ள திரையையே அளந்தது என்பது எனக்கு நிலப்படங்களைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

வாசிப்பில் முதல் சிக்கல் வெளிச்சம். 1976 ஜூலை 25ஆம் தேதி வைக்கிங் 1இன் சுற்றுகலம் எடுத்த படம் ஒன்றில் சைடோனியா என்ற பகுதியில் மனித முகம் போன்ற மலை தெரிந்தது. வெயில் தாழ்வாக ஒரு பக்கமிருந்து அடித்ததால் நிழல் கண்ணாகவும் வாயாகவும் விழுந்தது. வழியில் தொலைந்த தகவலால் ஏற்பட்ட கரும்புள்ளி ஒன்று மூக்குத்துளையின் இடத்தில் வந்து உட்கார்ந்தது. படத்தை வெளியிட்டபோதே நாசா இது ஒளியும் நிழலும் செய்த தோற்றம் என்றுதான் குறிப்பிட்டது. இருந்தும் கால் நூற்றாண்டு புத்தகங்களும் தொலைக்காட்சியும் அந்த முகத்தை விடவில்லை. 1998இலும் 2001இலும் வேறொரு கலம் வேறு வெளிச்சத்தில், இன்னும் துல்லியமாக எடுத்தபோது அது தட்டையான உச்சியுள்ள, அரிக்கப்பட்ட சாதாரணக் குன்று. கிண்ணக்குழிப் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் குழி மேடாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் பிறந்ததுமுதல் நம்பிப் பழகிவிட்டது.

அடுத்தது நிறம். செம்மையால் பெயர் பெற்ற கோள் இது. தாமிரபரணிக் கரையிலேயே செவ்வாய்க்கு இரண்டு தலங்கள் உண்டு, நவகைலாயத்தில் கோடகநல்லூரும் நவதிருப்பதியில் திருக்கோளூரும். ஆனால் கேமரா காட்டும் சிவப்பு எவ்வளவு சிவப்பு? வைக்கிங் 1இன் இறங்குகலம் தரையிறங்கிய மறுநாள், 1976 ஜூலை 21 அன்று, வந்த முதல் வண்ணப்படத்தைப் பூமியின் வானம் மாதிரியே நீலம் கலந்து வெளியிட்டார்கள். பிறகு கலத்தின் மேலிருந்த நிறப்பட்டைகளோடு ஒப்பிட்டுத் திருத்தியபோது வானம் வெளிறிய இளஞ்சிவப்பானது. நுண்தூசி மிதக்கும் வானம் அது. இன்றும் ரோவர் படங்கள் இரண்டு விதமாக வெளிவருகின்றன. அங்கே நின்றால் தெரியும் நிறத்தில் ஒன்று, பூமி வெயிலில் வைத்தால் தெரியும் நிறத்தில் இன்னொன்று. பாறைகளைப் பூமி வெயிலில் பார்த்துப் பழகிய புவியியலாளருக்கு இரண்டாவதுதான் உதவும். இது ஏமாற்று வேலை இல்லை. எந்த நிறத்தில் தருகிறோம் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

சாத்தான்குளம், குதிரைமொழித் தேரிகளைப் பார்த்தவர் யாரும் செவ்வாய்ப் படத்தைக் கண்டதும் நம்ம தேரிதானே என்பார்கள். நானும் அப்படி நினைத்திருக்கிறேன். காற்று குவித்த மணல், இரும்புத் துரு தந்த சிவப்பு என்ற அளவில் ஒப்புமை சரிதான். ஆனால் தேரி மணலின் பெரும்பகுதி படிகக்கல் துகள், அதன் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சுப் போலப் படிந்திருக்கிறது. செவ்வாயின் மணல்மேடுகளில் பெரும்பாலானவை கரியவை, எரிமலைப் பாறை உடைந்த மணல். அங்கே சிவப்பு எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும் மெல்லிய தூசி. ஊர்நில ஒப்புமை வாசலைத் திறந்துவிடும். உள்ளே போனதும் அதை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்புமை கைகொடுத்த இடமும் உண்டு. 2012 ஆகஸ்டில் கேல் கிண்ணக்குழியில் இறங்கிய கியூரியாசிட்டி ரோவர் சில வாரங்களிலேயே உடைந்த தளக்கல் போன்ற பாறையைப் படமெடுத்தது. அதற்குள் முனை மழுங்கிய கற்கள் பதிந்திருந்தன. பாபநாசம் படித்துறையில் குளித்த பிள்ளைக்கே தெரியும், அது கூழாங்கல். காற்று தூக்க முடியாத பெரிய கல், ஆனால் உருண்டு தேய்ந்திருக்கிறது. அப்படியானால் உருட்டியது ஓடும் தண்ணீர். கற்களின் அளவை வைத்துக் கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழத்தில் ஆறு ஓடியிருக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். சுற்றுப்பாதையிலிருந்து எத்தனையோ ஆற்றுத்தடங்களைக் கண்டிருந்தும், தரையில் நின்று எடுத்த இந்தச் சிறு படம்தான் கேள்வியை முடித்து வைத்தது.

ஜெசிரோ கிண்ணக்குழியில் இரண்டு பார்வையும் கைகோத்தன. 45 கி.மீ. அகலமுள்ள அதன் மேற்குக் கரையில் விசிறி போன்ற கழிமுகம் இருப்பதைச் சுற்றுப்பாதைப் படங்கள் முன்பே காட்டியிருந்தன. அதை நம்பித்தான் 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவியரன்ஸ் ரோவரை அங்கே இறக்கினார்கள். இறங்கிய இடத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு கி.மீ. தள்ளி நின்ற கோடியாக் என்ற தனிக்குன்றை அது தொலைவிலிருந்தே படமெடுத்தது. அதன் வெட்டுமுகத்தில் மேலே கிடையான அடுக்குகள், நடுவே சாய்ந்த அடுக்குகள். ஏரிக்குள் ஆறு வண்டலைக் கொட்டினால் இப்படித்தான் படியும். புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் சேருமிடத்தில் வண்டல் படிவதும் இந்த விதிக்குள்தான் வருகிறது. கழிமுகத்தின் மேல் அடுக்குகளில் பெரிய பாறாங்கற்களும் இருந்தன. அமைதியான ஏரிக்காலத்துக்குப் பிறகு பெருவெள்ளங்கள் வந்திருக்கின்றன என்பதற்கு அதுவே ஆதாரம்.

எல்லா நீர்த்தடமும் நீர்த்தடம் ஆகிவிடாது என்பதற்கும் உதாரணம் உண்டு. அரிசோனா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்த நேபாளத்துக்காரர் லுஜேந்திர ஓஜா ஹைரைஸ் படங்களை ஒப்பிட்டபோது, வெப்பகாலத்தில் சரிவுகளில் நீண்டு குளிர்காலத்தில் மறையும் கருங்கோடுகளைக் கண்டார். 2011இல் அது வெளியானது. 2015இல் உப்புநீர் வழிகிறது என்ற செய்தி உலகமெங்கும் தலைப்பானது. 2017இல் வேறு ஆய்வாளர்கள் சரிவின் கோணங்களை அளந்தார்கள். உலர்மணல் சரியும் சரிவில்தான் கோடுகள் முடிகின்றன, தட்டையான இடத்துக்கு நீள்வதில்லை. தண்ணீராக இருந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை. இன்று உலர்மணல் என்ற விளக்கத்துக்கே வலு அதிகம். ஓஜாவின் கண்டுபிடிப்பு இதனால் சிறுமைப்படவில்லை. அவர் கண்ட கோடுகள் இருக்கின்றன, அவற்றுக்குச் சொன்ன காரணம்தான் மாறியது.

வெள்ளியின் கதை வேறு. 460 டிகிரி வெப்பத்தில் 1975 அக்டோபர் 22 அன்று சோவியத்தின் வெனரா 9 இறங்கி, வேறொரு கோளின் தரையில் நின்று எடுத்த முதல் படத்தை அனுப்பியது. ஒரு மணி நேரத்துக்குள் அதன் குரல் நின்றது. மேகம் விலகாத கோள் என்பதால் 1990களில் மெகல்லன் கலம் ரேடாரால்தான் அதன் நிலத்தைத் தடவி வரைந்தது. சனியின் நிலவான டைட்டனில் 2005 ஜனவரி 14 அன்று இறங்கிய ஹைகன்ஸ் கலமும் உருண்டைக் கற்களைத்தான் படமெடுத்தது. அங்கே கல் என்பது உறைந்த பனிக்கட்டி, அவற்றை உருட்டிய ஆறு மீத்தேன்.

படத்துக்கு எட்டாதவையும் உண்டு. 2024இல் மாஞ்சோலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பது நின்றது. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல கீழே இறங்கின. செயற்கைக்கோள் படத்தில் அந்த லயன் வீடுகளின் கூரைகள் அப்படியே தெரியும். உள்ளே அடுப்பு எரிகிறதா என்பது தெரியாது. கவாத்து செய்யாத தேயிலை மரமாக வளர்வது மட்டும் சில ஆண்டுகளில் நிறமாற்றமாகத் தெரியக்கூடும். ஒரே இடத்தை மறுபடி மறுபடி படமெடுக்கும்போதுதான் காலம் படத்துக்குள் வருகிறது. செவ்வாயிலும் கருங்கோடுகளைக் காட்டியது தனிப்படம் எதுவுமில்லை, பருவம் தோறும் எடுத்த படங்களின் வரிசை.

மங்கள்யான் ஆறு மாதத்துக்குத் திட்டமிடப்பட்ட கலம். எட்டு ஆண்டுகளை நெருங்கி, 2022 ஏப்ரலில் நீண்ட கிரகண நிழலில் சிக்கித் தொடர்பை இழந்தது. இனி மீட்க வழியில்லை என்று இஸ்ரோ அதே ஆண்டு அறிவித்தது. 2016 முதல் அதன் தரவுகளை எவரும் பதிவு செய்துகொண்டு எடுக்கும்படி இஸ்ரோ திறந்துவிட்டது. அம்பாசமுத்திரத்திலோ பாளையங்கோட்டையிலோ படிக்கும் ஒரு மாணவி இன்று இரவே வேலெஸ் மரைனெரிஸ் படமொன்றைத் தன் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். பெயர்களையும் அளவுகளையும் பிறகு பார்க்கலாம். படத்தைத் திறந்ததும் முதலில் எந்தப் பக்கத்திலிருந்து வெயில் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.